கிணத்துமேட்டுல ஒரு பரிசோதனை

பதிவு எழுதி மூணு மாசமாச்சு மக்களே. வண்டியில விழுந்து முழங்கை உடைஞ்சுபோச்சு. கட்டுப் பிரிச்சப்புறமும் கை முழுசா நீளமாட்டேங்குது. இதை ஒத்தக்கையிலதான் தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பிசியோதெரபியில கோனியோமீட்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பாகைமானியில ரெண்டு ஸ்கேலைக் கோத்த மாதிரி இருக்கும். முதல்ல நானா கையை நீட்டணும், அளப்பார். அப்புறம் அவரே பிடிச்சு நீட்டி அளப்பார். எனக்கு ரெண்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம். "மாற்றுத்திறனாளி நீச்சல் போட்டிக்கும் இப்படி மூட்டை அளப்பாங்க சார்"னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். உடல் குறைபாடு உள்ளவங்களுக்கு எஸ்1-லேர்ந்து எஸ்10 வரை பத்து வகுப்பு. எண் சின்னதா இருந்தா பாதிப்பு அதிகம். மார்பு நீச்சலுக்கு மட்டும் எஸ்பி-ன்னு தனி வகுப்பு, அதுல கால் உதைக்கு வேலை ஜாஸ்தி. பெஞ்சுல படுக்கவச்சு ஒவ்வொரு மூட்டையும் பாக்குறாங்க. அடுத்தவர் அசைச்சாலும் மூட்டு போகலைன்னா அது மூட்டோட குறை. அடுத்தவர் அசைச்சா போகுது, தானா அசைக்க முடியலைன்னா அது தசையோட பலவீனம். ரெண்டும் வேற வேற கணக்கு.

படிச்சதும் திக்குன்னு ஆச்சு.

சின்னாளப்பட்டியில சின்ன வயசுல எங்களுக்குத் தோட்டத்துக் கிணறுதான் நீச்சல்குளம். கூட்டாளி ஒருத்தனுக்குப் போலியோவுல வலது கால் சூம்பியிருக்கும். பந்தயம் வச்சா அவனை முதல்ல விட்டுட்டு, பத்து எண்ணின பிறகுதான் நாங்க குதிப்போம். அந்தப் பத்து எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, யாரோ சொன்னது. ஒருநாள் எங்க எல்லாரையும் அவன் ரொம்ப தூரம் பின்னால விட்டுட்டான். "நடிக்கிறான்டா"ன்னு ஒருத்தன் கிளப்பிவிட்டான். அவனை மேட்டுல உக்காரவச்சுக் கணுக்காலை மடக்கிப் பாத்தோம். மடக்கினது நான்தான். நல்லாவே மடங்குச்சு. "பாருங்கடா, மடங்குது!"ன்னு கத்தினதும் நான்தான். பத்து எண்ணுறது அன்னையோட நின்னுபோச்சு. அவன் கிணத்துக்கு வர்றதும்தான்.

நாங்க அன்னைக்கு அவனை "நீயா அசைடா"ன்னு கேக்கவே இல்லை.

சந்தேகப்படுறதே தப்புன்னு சொல்ல வரலை. டோக்கியோ பாராலிம்பிக்ல (2021) வட்டு எறிஞ்சு வெண்கலம் வாங்கின நம்ம வினோத் குமாருக்கு, எஃப்52 வகுப்புல வரமாட்டார்னு அடுத்த நாளே பதக்கம் போச்சு. வேணும்னே திறமையைக் குறைச்சுக் காட்டினார்னு பிறகு ரெண்டு வருஷத் தடையும் வந்துச்சு. பெஞ்சுல முக்காம இருந்தா கோனியோமீட்டருக்கு என்ன தெரியும்? அதனாலதான் நீச்சல்காரங்களைத் தண்ணியில இறக்கியும் பாக்குறாங்க, போட்டியிலயும் கவனிக்கிறாங்க.

நேத்து ராத்திரி அவனுக்கு போன் போட்டேன். இப்ப ஊர்ல சுங்குடிச் சேலை வியாபாரம். எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உனக்குக் கை எப்படி இருக்கு மாப்ள?"

"நானா நீட்டினா வரலைடா. அவர் பிடிச்சு இழுத்தா வருது."

"அப்ப நீ நடிக்கிற"ன்னான்.