கேலரிக்கு அடியில் ஒரு லக்ஸ் மீட்டர்

கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் வட்டமாகக் கடைகள் இருக்கின்றன. அதில் ஒரு பாத்திரக் கடைக்கு விளக்கு மாற்றும் வேலை எடுத்திருந்த நாகர்கோவில்காரத் தம்பியோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

பையிலிருந்து கால்குலேட்டர் மாதிரி ஒன்றை எடுத்தார். சுருள் ஒயரின் நுனியில் வெள்ளைக் குமிழ். சாய்வாக விழும் வெளிச்சத்தையும் அதன் பங்குக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ள அந்தப் பால்நிறக் குமிழ். உள்ளே சிலிக்கான் சில்லு. வெளிச்சம் பட்டால் துளி மின்சாரம் ஓடும். சிலிக்கானுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் தெரியும். அதை வடிகட்டி, பச்சையை அதிகமாக உணரும் மனிதக் கண்ணைப்போலக் காட்ட மேலே ஒரு ஃபில்ட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ்.

“மூடி போட்டு சைபர் காட்டுதான்னு பாத்துக்கணும் சார்.”

கல்லாமேசையில் வைத்தார்: 340. தாராளம்தானே என்றேன். பதில் சொல்லாமல் குமிழை நிமிர்த்தி அலமாரிப் பக்கம் பிடித்தார்: 110. “தரைக்கு லைட் போட்டிருக்காங்க, சாமானுக்குப் போடல.”

வாசலில் வெயிலில் நீட்டியபோது திரையில் ‘1’ மட்டும் நின்றது. அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தமாம். மீட்டரின் வீச்சை மாற்றினால் எண்பதாயிரத்துக்கு மேல். பௌர்ணமி நிலவு ஒரு லக்ஸ்கூடத் தேறாது. இரண்டிலும் வழி தெரிகிறது என்று சொல்லும் நம் கண், கணக்குக்கு உதவாத சாட்சி.

மேலே மைதானத்திலும் இதே கதைதான். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்பெயினும் மோதியது இங்கேதான். டி.வி. ஆட்டங்களுக்குப் புல்மேல் விழும் வெளிச்சம் மட்டும் போதாது. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மீட்டரை கேமராவை நோக்கி நிமிர்த்தியும் அளப்பார்கள். சராசரி எவ்வளவு இருந்தாலும் ஒரு மூலை மங்கினால் பந்து அங்கே தொலையும்.

மியூசியத்தில் கணக்கு தலைகீழ். பழைய துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கம். அங்கே அளப்பது குறைப்பதற்கு.

தம்பி ஏணி போட்டு இரண்டு விளக்கை அலமாரிப் பக்கம் திருப்பினார். 290. திரையைக் கடைக்காரருக்குக் காட்டினார். அவர் அதைப் பார்க்காமல் மேல்தட்டு உருளியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, பளபளப்பைப் பார்த்துவிட்டு, “மதி, மதி” என்றார், போதும் என்று மலையாளத்தில்.