தள்ளினா ஒரு பக்கம், இழுத்தா மற்றப் பக்கம்

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். மண்டை நரம்பு 12 சோடி எண்டது பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தோட எங்களை விட்டுப் போன விசயம். ஆனா எங்கட கூட்டத்தில ஒருத்தி மட்டக்களப்பில மருத்துவம் படிக்கிறாள். லீவுக்குத் திருகோணமலைக்கு வந்தாலும் உட்துறைமுக வீதியில நடந்துகொண்டே பாடம்தான். அவள் ஒப்பிக்க, கொப்பியைப் பிடிச்சுச் சரி பிழை பார்க்கிறது எங்கட வேலை.

12ஆவது நரம்பு பழுதானா, நாக்கை நீட்டேக்க அது பழுதான பக்கம் சாயும். 10ஆவது பழுதானா, 'ஆ' சொல்லேக்க உள்நாக்கு நல்ல பக்கம் போகும். இந்த ரெண்டும் அவளுக்கு மாறிக்கொண்டே இருந்தது. முதலெழுத்துகளைக் கோத்த ஆங்கில வசனத்தில நரம்புகளின் பெயர் நிக்குது, காரணம் நிக்கேல்ல.

காரணம் எங்கட கண்ணுக்கு முன்னால கடலில கிடந்தது. நாக்கை ரெண்டு பக்கத் தசையும் முன்னுக்குத் தள்ளுது. தோணியில இடப்பக்கத் துடுப்பு நிண்டா, தோணி இடப்பக்கம்தான் திரும்பும். உள்நாக்கையோ ரெண்டு பக்கத் தசையும் இழுக்குது. கரைவலையில ஒரு பக்கத்து ஆக்கள் களைச்சா, வலை பலமான பக்கம் போகும். தள்ளினா பழுதான பக்கம், இழுத்தா நல்ல பக்கம். அதுக்குப் பிறகு அவளுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் மறக்கேல்ல.

7ஆவது நரம்பு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. எங்கட ஒழுங்கையில ஒரு பெரியப்பாவுக்கு விடியப்புறம் வாய் கோணிச்சு. 'கடல் காத்துப் பட்டிட்டு, எண்ணெய் பூசி ரெண்டு நாள் பார்ப்பம்' எண்டினம் சிலர். 'பாரிசவாதம், இனி ஒண்டும் செய்யேலாது' எண்டினம் வேற சிலர். நெற்றிக்கு மூளையின் ரெண்டு பக்கத்தாலயும் லைன் வருது. வாய்ப் பக்கத்துக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தால மட்டும். அதனால பாரிசவாதத்தில வாய் கோணினாலும் நெற்றி பொதுவாச் சுருங்கும். 7ஆவது நரம்பே பழுதானா அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் ஒழுங்கா மூடாது. காரணம் தெரியாமல் திடீரெண்டு வாற அந்த வாதத்துக்கு, 1821இல் முக நரம்புகளைப் பற்றி எழுதின சார்ள்ஸ் பெல்லின் பெயரால பெல்ஸ் பால்சி எண்டு பெயர். பெரியப்பாவுக்கு வந்தது அதுதான்.

ஆனா நெற்றியைப் பார்த்து வீட்டில தீர்ப்புச் சொல்ல இதை நாங்கள் எழுதேல்ல. ரெண்டுக்கும் மணிக்கூடு ஓடுது. இரத்தக்கட்டி அடைச்ச பாரிசவாதம் எண்டா, கட்டி கரைக்கிற மருந்தை வழமையா 4.5 மணித்தியாலத்துக்குள்ள ஏத்தோணும். பெல்ஸ் பால்சிக்கு ஸ்டீரொயிட் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாப் பலன் கூட. மூடாத கண்ணையும் காயவிடாமப் பார்க்கோணும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் அக்கரை ஆக்கள் படகுப் பாதைக்குக் காத்து நிண்டவை. இப்ப பாலம் இருக்கு. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். காத்திருக்கிறது இப்ப எங்கட வீட்டுக்குள்ளதான். ஆருக்காவது வாய் கோணினா, எத்தனை மணிக்குக் கண்டது எண்டு குறிச்சுக்கொண்டு உடனே வெளிக்கிடுங்கோ.