ஈயச் சேனை கண்டோம்

நாட்டிங்ஹாம் என்றவுடன் நேயர்களில் சிலருக்கு ராபின் ஹூட்டின் வில் ஞாபகம் வரும். சற்று வயதானவர்களுக்கு ராலே சைக்கிள்தான் ஞாபகம் வரும். தாத்தா காலத்து ராலேயைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. அந்தச் சைக்கிள்கள் பிறந்த லெண்டன் பேட்டையில் இப்பொழுது சைக்கிள் செய்வார் இல்லை. 2002-ஆம் வருஷத்தோடு அந்த வேலை நின்றுபோய், தொழிற்சாலை நிலத்தில் சர்வகலாசாலைக் கட்டிடங்கள் எழும்பியிருக்கின்றன. ஆயினும் லெண்டனில் தொழில் இல்லாமற் போகவில்லை. அங்கே இன்று செய்து உலகெங்கும் அனுப்புவது பொம்மைச் சிப்பாய்கள்!

லண்டன் மாநகரத்து ஸெயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில் ரயிலேறினால் இரண்டு மணிக்குள் நாட்டிங்ஹாம் வந்துவிடுகிறது. நாமும் நம் மனைவியும் போயிருந்தபோது, நம்மைப் போலவே பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துச் சென்றார். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றோம். "கோட்டை எங்கும் ஓடிப் போகாது, முதலில் எங்கள் சேனையைப் பாருங்கள்" என்றார்.

சேனை என்று அவர் சொன்னது சுண்டுவிரல் உயரங்கூட இல்லாத ஈய உருவங்களை. உள்ளங்காலிலிருந்து கண் வரையில் 25 அல்லது 28 மில்லிமீட்டர். அந்த அளவுக்குள் கவசம், கத்தி, மீசை, முகத்தில் கோபம் எல்லாம் அடக்கம். பூதங்கள், குள்ளர்கள், எலும்புக்கூட்டு வீரர்கள் முதலிய கற்பனைக் கணங்களை இப்படி உருவாக்கி, வர்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து, தாயக்கட்டை உருட்டி யுத்தம் செய்கிறார்கள். செய்கிறவர்கள் குழந்தைகள் அல்ல. பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். நம் மனைவிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "வருஷா வருஷம் கொலுப்படியில் யுத்தக் காட்சி வைக்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா?" என்று கேட்டாள்.

பொம்மை யுத்தத்தை ஆங்கிலேயருக்குப் பிரபலப்படுத்தியவர்களில் ஒருவர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 'லிட்டில் வார்ஸ்' என்று 1913-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி, தரையில் சிப்பாய்களை நிறுத்தி, வில்லுப் பீரங்கியால் சுட்டு விளையாடும் விதிகளை வகுத்தார். அடுத்த வருஷமே ஐரோப்பாவில் நிஜ யுத்தம் மூண்டது. அது அவர் புத்தகத்தின் குற்றமல்ல.

பூதகணங்களின் கதை பிற்பாடு வந்தது. 1975-ல் மூன்று சிநேகிதர்கள் லண்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்று ஒரு சிறு வியாபாரம் தொடங்கி, மரத்தில் ஆட்டப் பலகைகள் செய்து விற்றார்கள். அவர்களுடைய ஆதரவில் நியூவார்க் என்னும் ஊரில் சிடடெல் என்ற வார்ப்படசாலை ஏற்பட்டது. அதை நடத்தியவர் 2023 டிசம்பரில் காலமான பிரயன் ஆன்ஸெல். அப்பொழுதிருந்த கற்பனை விளையாட்டுகளுக்கு ஆளுக்கு ஓர் உருவம் இருந்தால் போதும். ஐந்து பேர் விளையாடினால் ஐந்து பொம்மை விற்கும். இது எந்த வியாபாரிக்குத்தான் திருப்தி தரும்? நூற்றுக்கணக்கில் பொம்மை தேவைப்படும் ஒரு விளையாட்டை உண்டாக்கிவிட்டால்? ஆன்ஸெல், ரிக் பிரீஸ்ட்லி, ரிச்சர்ட் ஹாலிவெல் மூவரும் சேர்ந்து 1983-ல் வெளியிட்ட 'வார்ஹாமர்' இப்படிப் பிறந்ததுதான். அந்த ஸ்தாபனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகச் சேர்ந்தது. வில்லோ ரோட்டிலுள்ள அதன் தலைமைக் காரியாலயத்தில் பெரிய காட்சிசாலை இருக்கிறது. வாசலில் ஆளைவிட உயரமான கவச வீரன் சிலை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் எல்லாம் புதிது, எல்லாம் பளபளப்பு. நமக்கு அரை மணியில் கண் சலித்துவிட்டது.

இவ்வூருக்குச் சிறு உருவங்கள் புதியவை அல்ல. பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரையில் நாட்டிங்ஹாம் சிற்பிகள் அலபாஸ்டர் என்ற மென்மையான வெண்கல்லில் செதுக்கிய தெய்வ உருவங்கள் ஐரோப்பா முழுவதும் கப்பலேறின. மத மாற்றக் கலகத்தில் இங்கிலாந்துக் கோயில்களிலிருந்த பலவற்றை உடைத்தார்கள். பிற தேசத்துக்குப் போனவை பிழைத்தன. இப்பொழுது இந்த வட்டாரத்தில் பொம்மைக் கம்பெனிகள் பல கூடியிருப்பதால் இதற்கு 'ஈய வட்டாரம்' என்றே பரிகாசப் பெயர் ஏற்பட்டிருக்கிறது.

ஈயம் என்றதும் நம் வீட்டு ரசச் சொம்பை நினைக்க வேண்டாம். அது வெள்ளீயம், பழைய பொம்மைகளில் இருப்பது காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தக்க அளவில் கலந்தாலோ இரண்டையும்விடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். சிற்பி கம்பியின்மேல் பிசின்களி பூசி மூல உருவத்தைச் செய்கிறான். அதை இரண்டு வட்டமான ரப்பர்த் தட்டுகளுக்கு நடுவே வைத்து, அழுத்திச் சுட்டால், ரப்பர் இறுகி அச்சாகிறது. அச்சைக் குயவன் சக்கரம்போலச் சுழற்றிக்கொண்டே நடுவில் உலோகத்தை ஊற்ற, அது ஓரங்களுக்கு ஓடி, மூக்கு நுனி வரையில் நிரம்புகிறது. காரீயம் விஷம் என்பதால் 1990-களில் அதைக் கைவிட்டு வேறு கலப்புக்கு மாறினார்கள். பிறகு பிளாஸ்டிக் மேலோங்கியது. ஆகவே 1980-களில் வார்த்த உருவங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் ரசிகர்கள் ஏற்பட்டுவிட்டார்கள். பிள்ளைப் பிராயத்தில் கைக்காசு போதாமல் கடைக் கண்ணாடியில் பார்த்து ஏங்கியதைத் தலை நரைத்தபின் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நம் நண்பரும் அவர் தம்பியும் அக்காலத்தில் சேர்ந்தே வாங்கினார்களாம். ஆளுக்குப் பாதி. தம்பி சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். அவருடைய பாதி, தகப்பனார் கையால் செய்த ஓக் மர அலமாரியில் பூட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால் உருவங்களின்மேல் வெள்ளை வெளேரென்று மாவு பூத்திருந்தது. ஓக் மரத்திலிருந்து காடியின் புளிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். மூடிய இடத்தில் அது காரீயத்தை அரித்துச் சுண்ணம்போல ஆக்கிவிடும். பழைய காலத்தில் வெள்ளைச் சாயம் செய்வதற்கு, ஈயத் தகட்டைக் காடியின் ஆவியில் வேண்டுமென்றே வைத்து இப்படிப் பூக்க விடுவார்கள். சாயக்காரனுக்கு லாபமாக இருந்தது இங்கே சர்வநாசம். நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, தகப்பனார் ஆசையோடு செய்தது, அதுவே தின்றுவிட்டது.

அந்த மாவு மூச்சில் போனால் விஷம். ஈரத் துணியால் துடைத்து, பழைய வர்ணத்தை நம்முடைய டெட்டாலிலேயே ஊறவைத்து, பல் துலக்கும் புருசால் தேய்த்து எடுத்தாராம். வெளிவந்த உருவங்களில் முகம் அரித்திருந்தது. விலா எலும்பெல்லாம் அம்மை வடுப்போலக் குழிகுழியாக இருந்தது. பழம்பொருள் வாங்குகிறவர்கள் கைவிரித்துவிட்டார்கள். "இவை தண்ணீரில் நெடுநாள் கிடந்த பிணங்களைப் போல இருக்கின்றனவே என்று தோன்றியது. அத்துடன் ஈஸ்ட் ஸ்டோக் ஞாபகம் வந்தது" என்றார் நண்பர்.

மறுநாள் தம் காரில் அங்கே அழைத்துப் போனார். நியூவார்க்குக்குத் தென்மேற்கே, ரோமானியர் போட்ட பாஸ் வே சாலையில் உள்ள சிறு கிராமம். ஒரு மாதா கோயில், சில வீடுகள், வயல், அப்பால் டிரென்ட் நதி. 1487 ஜூன் 16-ந் தேதி இங்கே நடந்த போரோடு ரோஜாப்பூ யுத்தங்கள் முடிந்தன என்பார்கள். லாம்பர்ட் ஸிம்னெல் என்னும் பத்து வயதுப் பையனை ராஜ வம்சத்தவன் என்று சொல்லி, டப்ளினில் முடிசூட்டி, ஜெர்மானியக் கூலிப்படையும் ஐரிஷ்காரர்களும் புடைசூழ அழைத்து வந்தார்கள். ஏழாம் ஹென்ரியின் சேனை, ஆக்ஸ்போர்டு பிரபுவை முன்னணியில் கொண்டு, அவர்களை முறியடித்தது. ஓடியவர்கள் நதியை நோக்கி இறங்கும் பள்ளத்தில் வெட்டுண்டார்கள். அதற்கு 'சிவப்பு ஓடை' என்று பெயர். இப்பொழுது அங்கே முட்செடிதான். பையனை ஹென்ரி கொல்லவில்லை; அரண்மனைச் சமையற்கட்டில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுற்றும் வேலை கொடுத்தான். பெரியவர்கள் பொம்மையாக ஆட்டி வைத்த குழந்தையைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஹென்ரியிடம் நமக்குச் சற்று மரியாதை பிறப்பதுண்டு.

இன்னொரு விசித்திரம்: ஆன்ஸெல் பிற்காலத்தில் நடத்திய பவுண்டரி என்ற வார்ப்படக் கம்பெனியும் இந்தக் கிராமத்து ஸ்டோக் ஹாலில்தான் இருந்தது. நிஜச் சிப்பாய்கள் விழுந்த இடத்திலேயே ஈயச் சிப்பாய்கள் பிறந்தார்கள்.

நண்பரின் சேனை, ஸ்டோக்கில் மாண்டவர்கள் டிரென்ட் நதியிலிருந்து எழுந்து வருவதாகக் கற்பனை. தம்பியின் எலும்புக்கூடுகள் நூற்றெட்டு. பொற்கொல்லர் ரம்பத்தால் கையை அறுத்து, விரலால் உருட்டும் துளைக்கருவியால் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பி சொருகி வேறு கை பொருத்துகிறார். நீலமும் மஞ்சளுமாக இரு பட்டைகளில் வரும் பிசின்களியைப் பிசைந்தால் பச்சையாகும். இறுகுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் ஊசி முனையால் கிழிந்த சட்டை, நீர்ப்பாசி, ஜெர்மானியருடைய அகலத் தொப்பி எல்லாம் செய்தாக வேண்டும். நாணலைக் கூர்ந்து பார்த்தோம். தேங்காய் நார்! கால்மிதியிலிருந்து பிடுங்கியது என்றார். அரித்த குழிகளை அவர் அடைக்கவில்லை. பச்சையும் பழுப்புமாக நீர்த்த வர்ணத்தை விட்டால் குழிகளில் தானே தங்கி, ஈரம் சொட்டுவதுபோல இருக்கிறது. முன்னால் ஒரு சிறுவன். அவன் கையில் செங்கோலுக்குப் பதில் இறைச்சிக் கம்பி. அவனுக்கு மட்டும் எலும்புக்கூட்டு முகம் வைக்கவில்லை. அவன்தான் போரில் சாகவில்லையே.

ஒரு விஷயத்தில்தான் அவருக்கு மனம் குழம்பிக்கொண்டிருந்தது. தம்பியின் உருவங்களில் குதிரைமேல் வரும் கவச வீரன் ஒருவன், பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் இருந்தபடியால் மாசு மறுவில்லாமல் தப்பியிருந்தான். 1980-களின் ஆரம்பத்தில் வார்த்தது. இப்பொழுது கிடைப்பது அரிது. சேனைத் தலைவனாக்க வேண்டுமானால் தலையை அறுத்து மண்டையோடு வைக்க வேண்டும். அறுத்தால் பழம்பொருள் என்ற மதிப்பு போயிற்று. அதைவிட, தம்பியின் கை பட்ட வர்ணம் போயிற்று. விற்கச் சொல்லி ஒருவர் கணிசமான தொகைக்குக் கேட்டிருந்தாராம்.

"அறுத்துவிடுங்கள், அண்ணா. மற்றவர்களோடு சேர்ந்து நிற்கட்டும். தனியாகப் பெட்டியில் கிடந்து என்ன சுகம்?" என்றாள் நம் மனைவி. அந்த 'அண்ணா'வை நாம் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. நம்முடைய அபிப்பிராயம் வேறு: நூற்றெட்டுப் பேரைத்தான் அறுத்தாயிற்றே, ஒருவனையாவது வார்த்தவன் வார்த்தபடி விட்டுவைக்கலாம் என்றோம். யோசித்து எழுதுகிறேன் என்றார்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ஒரு கடிதமும் புகைப்படமும் வந்தன. குதிரை வீரன் தலையோடு, பழைய வர்ணத்தோடு இருக்கிறான். ஆனால் நின்றது எதிர்ப்பக்கத்தில். அவன்தான் ஆக்ஸ்போர்டு பிரபுவாம். மேஜையின் ஒரு கோடியில் நூற்றெட்டுப் பிணங்களும் ஒரு சிறுவனும். மறு கோடியில் இவன் தன்னந்தனியே. ஏழாம் ஹென்ரியின் சேனையில் இவனுக்குத் துணையாக இன்னும் ஒரு நூறு உருவங்களாவது வேண்டியிருக்கிறது, தேட ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். இம்முறை வைப்பதற்குக் கண்ணாடி அலமாரி.