அம்மா பாட்டும் பஞ்சு மெத்தையும்

புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால் காலி ஹாலில் நின்று பேசிப் பார்த்திருக்கிறீர்களா? குரல் 'கும்'மென்று சுற்றிச் சுற்றி வரும். கட்டில், துணிமணியெல்லாம் வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதாக நினைக்கிறோம். செல்போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்டால்தான் தெரியும், பாதிச் சத்தம் இன்னும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று!

பெங்களூரில் இருக்கும் என் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். "அம்மாயி எங்களுக்குப் பாடின தாலாட்டையெல்லாம் பிடிச்சு வைம்மா. எனக்கு ரெண்டு வரிக்கு மேல தெரியல" என்றாள். என் அம்மா அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது; பாட்டு மட்டும் முப்பதுக்கு மேல் தெரியும். மாமன் சீர் கொண்டுவரும் பாட்டில் தன் அண்ணன் தம்பி ஐந்து பேர் பெயரையும் வரிசையாகச் சேர்த்துப் பாடுவாள். அந்த ஐந்து பேரில் இன்று ஒருவரும் இல்லை. அம்மாவுக்கு 78 வயது. இப்போது பெரம்பலூரில் எங்களோடு இருக்கிறாள். நாலு வரி பாடினால் மூச்சு வாங்குகிறது. 'சரியா விழலம்மா, இன்னொரு தடவ பாடு' என்று சொல்ல மனசு வருமா? அதனால் அறையை முதலில் சரி பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் அவளைப் பாட வைப்பது என்று தீர்மானம் செய்தேன்.

பத்துக்குப் பத்து படுக்கையறை. நடுவில் நின்று ஒரு கை தட்டினேன். தட்டி முடித்த பிறகும் 'கிண்ண்' என்று ஒரு வால் நீண்டது. இரண்டு வெறுஞ்சுவர்கள் நேருக்கு நேர் நின்று சத்தத்தைப் பந்தாடுவதால் வருவது அது. வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் ஓடும் குரல், ஐந்தடி தள்ளியிருக்கிற சுவரில் பட்டுத் திரும்ப நூறில் ஒரு பங்கு வினாடி போதும். எதிரொலி தனியாகக் கேட்க 17 மீட்டராவது தூரம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சின்ன அறையில் அது தனியாகக் கேட்காது. அசல் குரலோடு ஒட்டிக்கொண்டு சொல்லை மழுக்கிவிடும். நேரில் கேட்கும்போது நம் இரண்டு காதும் மூளையுமாகச் சேர்ந்து அதை ஒதுக்கிவிடுகின்றன. ஒற்றைக் காது மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

இதில் எங்கள் ஊர்ப் பக்கத்து வேடிக்கை ஒன்று உண்டு. அரியலூர் பூமி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலாக இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடங்களில் நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். அந்தக் கல்தான் சிமென்ட் ஆகிறது. அதையே சுவரில் வழவழவென்று பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடியும் வைத்துவிட்டால் குரல் எங்கேதான் போகும்? அம்மா பாடிப் பழகிய வீடு மண் சுவர், கூரை வேய்ந்தது, வாசல் எப்போதும் திறந்தது. பருத்தி எடுக்கிற காலத்தில் உள்ளறையில் பஞ்சைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே பேசினால் காதோரம் ரகசியம் சொன்னதுபோல இருக்கும்.

என் பையன் திருச்சியில் விசாரித்துவிட்டு வந்தான். சுவர் முழுக்க ஸ்பாஞ்சுப் பலகை ஒட்ட 38,000 ரூபாயாம்! "ஏ.ஆர். ரஹ்மான்கூட 1989-ல வீட்டோடதாம்மா ஸ்டுடியோ கட்டினார்" என்றான். கட்டினார், சரி; நமக்கு வேண்டியது பத்துத் தாலாட்டு. ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் விஷப்புகை என்பது வேறு. படுக்கிற அறையில் அது எனக்குச் சம்மதமில்லை. முட்டை அட்டை ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கனமில்லாத காகிதம், பெரிதாக ஒன்றும் பிடிக்காது. தெர்மாக்கோலுக்குள் காற்று நுழைய வழியே கிடையாது. அது குரலைத் திருப்பித்தான் விடும்.

இந்தச் சாஸ்திரத்தைத் தொடங்கி வைத்ததே மெத்தைதான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1895-இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் புதுச் சொற்பொழிவு மண்டபத்தில் ஒரு சொல் சொன்னால் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்றாம். வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு சத்தம் குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவாராம். காற்றின் அதிர்வு பஞ்சு இழைகளுக்குள் நுழைந்து உரசி உரசியே அடங்கிவிடுகிறது. அதற்குக் கனம் வேண்டும். மெல்லிய திரை 'ஸ்', 'ச்' மாதிரிக் கீச்சொலியைத்தான் பிடிக்கும். அடிக்குரல் தாண்டிப் போய்விடும்.

வீட்டில் இருந்த இரண்டு பஞ்சு மெத்தைகளையும் இரண்டு நாள் வெயிலில் போட்டு, தடியால் அடித்துத் தூசி போக்கினேன். மூச்சு வாங்குகிறவர் முகத்துக்குப் பக்கத்தில் பழைய பஞ்சுத் தூசி ஆகவே ஆகாது. அம்மா உட்காரும் இடத்துக்குப் பின்னால் மூலையில், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தினோம். மைக் அம்மாவைப் பார்த்து நிற்கும்போது, அவளுக்குப் பின்னாலிருந்து திரும்பி வரும் குரல்தான் அதன் வாயில் நேராக விழும். அதனால் முதல் மெத்தை அங்கேதான். எதிரே கொடி கட்டி, கம்பளிகளை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டோம். தரைக்கு ஜமுக்காளம். இரும்பு பீரோ தானும் கூடவே ரீங்காரம் போடும் என்பதால் அதற்கும் ஒரு போர்வை. மேல்கூரைக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்போது கை தட்டினால் 'டப்'. அவ்வளவுதான், வால் இல்லை. செல்போனை ஒரு சாண் தூரத்தில், மூச்சு நேராகப் படாமல், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெத்தை உள்ளே சுற்றும் சத்தத்தைத்தான் அடக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. எங்கள் தெருவழியே லாரி போனால் அதுவும் பாட்டில் சேரும். அதனால் விடியற்காலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்தோம். ஃபேனை நிறுத்தியாக வேண்டும். அறையோ மெத்தையால் புழுங்கும். கால் மணிக்கு ஒரு முறை கதவைத் திறந்து, வெந்நீர் கொடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு என்று வைத்துக்கொண்டேன்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. "புள்ள இல்லாம தாலாட்டா? வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாதுடி" என்றுவிட்டாள். அடுத்த வீட்டு மருமகளிடம் சொல்லி, அவளுடைய ஐந்து மாதக் குழந்தையை மறுநாள் விடியற்காலையில் தூங்கத் தூங்கத் தூக்கிவரச் செய்து, என் பழைய சேலையில் தூளி கட்டினோம். அம்மா பாடினாள். ஐந்து அண்ணன் தம்பி பெயரும் அட்சரம் பிசகாமல் விழுந்திருக்கிறது.

பெண்ணுக்கு அனுப்பினேன். "வரிக்கு நடுவுல அம்மாயி மூச்சு விடுறதுகூடக் கேட்குதும்மா. தம்பிகிட்ட சொல்லி அதை வெட்டிடாதே" என்றாள். வெட்டவில்லை. இதுவரை ஒன்பது பாட்டு ஆகியிருக்கிறது. பேரன் பேத்தி யாராவது ஒருவர் மடியில் வந்தால்தான் பாடுவேன் என்று இரண்டை மட்டும் அம்மா நிறுத்தி வைத்திருக்கிறாள். மெத்தைகள் கட்டிலுக்குத் திரும்பிவிட்டன. கொடிக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.