அடிக்குறிப்பில் ஓர் இசையரசி

பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளைத் திருத்தி முடித்த ஓர் இரவு. பழைய பெட்டியைத் துழாவியபோது, நமது கல்லூரி நாள் ஏடு ஒன்று கையில் அகப்பட்டது. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயைப் பற்றி நாம் தீட்டிய கட்டுரை அதிலே இருந்தது. எழுபதைக் கடந்த கவிஞர் 1823ஆம் ஆண்டில், மரியன்பாத் நகரில், 19 வயது நங்கை ஒருத்தியின்பால் கொண்ட காதலால் கலங்கியிருந்தார்; அவ்வேளை, ‘ஒரு போலந்துப் பெண்மணி’யின் பியானோ இசை அவருக்கு ஆறுதல் தந்தது; அந்த நன்றியைக் கவிஞர் பாட்டாக்கினார் என்று எழுதியிருந்தோம்.

ஒரு போலந்துப் பெண்மணி! கவிஞரின் பெயரை எழுதினோம். கவிதையின் பெயரை எழுதினோம். காதலிக்கப்பட்ட நங்கையின் பெயரையும் எழுதினோம். புண்பட்ட நெஞ்சுக்கு மருந்திட்ட விரல்களுக்கு மட்டும் பெயரில்லை. திருத்தியவரும் கேட்கவில்லை, எழுதிய நாமும் தேடவில்லை.

அன்றிரவுதான் தேடினோம். மரியா சிமனோவ்ஸ்கா என்பது அவர் பெயர். 1789இல் வார்சாவில் பிறந்தவர். 1810இல் நிலக்கிழார் ஒருவரை மணந்தார். மூன்று மக்களுக்குத் தாயானார். 1820இல் மணவாழ்வு முறிந்தது. அந்நாளில் செல்வக் குடும்பத்துப் பெண் பியானோ வாசிக்கலாம். வரவேற்பறையில், விருந்தினர் மகிழ! ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையேறுவதோ? குடிப்பெருமை பேசுவோர் முகம் சுளித்த செயல் அது. சுளிக்கட்டும் என்று மேடையேறினார் அந்தத் தாய். 1822இல் ரஷ்யப் பேரரசியரின் முதற் பியானோ கலைஞர் என்ற சிறப்பைப் பெற்றார். ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து, இத்தாலி எனப் பல நாட்டு மேடைகளிலும் வாசித்தார். இசைத்தாளைப் பாராமல், நினைவிலிருந்தே அவையில் வாசித்த முதல்வர்களுள் அவரும் ஒருவர். மூன்று மக்களையும் தம் பத்து விரல்களின் உழைப்பால் வளர்த்தார்!

இத்தகையவரை நூல்கள் எப்படி நினைவு கூர்ந்தன? கதேயைக் கவர்ந்தவர், கவிஞர் மிக்கேவிச்சின் மாமியார், இசைமேதை சோப்பினுக்கு முன்னோடி. பட்டங்கள் மூன்று, மூன்றிலும் ஓர் ஆடவரின் பெயர்! மகள் செலினாவை மிக்கேவிச் மணந்ததோ 1834இல். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1831இல், பீட்டர்ஸ்பர்க்கில் வாந்திபேதிக்கு இரையாகி, 41ஆம் வயதில் சிமனோவ்ஸ்கா மறைந்துவிட்டார். மருமகனாகக் காணாத ஒருவரின் பெயரால் அறியப்படும் மாமியார்! என்னே வரலாற்றின் விந்தை!

பெயரை அறிந்தால் போதுமா? இசையைக் கேட்க வேண்டாமா? கேட்டோம். மசூர்க்கா என்பது போலந்து நாட்டுப்புற மக்களின் ஆடல். மூன்று தட்டுகள் கொண்ட தாளம். அழுத்தமோ முதல் தட்டை விட்டு, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ துள்ளி விழும். அவ்வடிவில் 24 இசைகளை ஆக்கியிருக்கிறார். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. கால்கள் மட்டும் நெடுநேரம் தாளமிடுகின்றன. ‘முணுமுணுப்பு’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட அவரது இரவிசை வேறு வகை. உறங்கும் வீட்டில் யாரையும் எழுப்பிவிடாமல் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒருவரின் குரல் அது.

“சோப்பினின் ஆழம் இதில் உண்டா?” என்று கேட்பார் உளர். இல்லை என்றே நேர்மையுடன் விடை கூறுவோம். ஆனால் கடல் இருக்கிறதே என்று அருவியை மூடிவிடுவார் உண்டோ? அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1836இல், இசைமேதை சூமன் இவருடைய பயிற்சி இசைகளைப் பாராட்டி எழுதினார். பாராட்டுக்குரிய இசைதான் பாராமுகத்தால் மறைந்தது. வரவேற்பறை இசைதானே, பெண் எழுதியதுதானே என்னும் அலட்சியம் அதன்மேல் படிந்த தூசு. அத்தூசைத் துடைக்க முனைந்தோருள் ஒருவர், ஸ்லாவோமிர் டோப்ஷான்ஸ்கி என்னும் பியானோ கலைஞர். 2006இல் அவரைப் பற்றி நூலொன்று எழுதினார். அவருடைய பியானோ இசையை ஒலிப்பதிவும் செய்தார். மறதி விதியன்று, மனிதர் செய்தது. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது.

சிவப்பு மைப் பேனா இன்னும் கையில்தான் இருந்தது. பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திய அதே பேனாவால், நமது பழைய கட்டுரையில் ‘ஒரு போலந்துப் பெண்மணி’ என்பதை அடித்தோம். மேலே, மரியா சிமனோவ்ஸ்கா என்று எழுதினோம். நமக்கு நாமே ஒரு மதிப்பெண்ணும் குறைத்துக்கொண்டோம்.

தோழர்களே! இனி எந்த நூலிலேனும் ‘ஒரு பெண்மணி’ என்ற சொற்களைக் கண்டால் அங்கே சற்றே நில்லுங்கள். பெயர் என்ன என்று கேளுங்கள். அவர் செய்தது என்ன என்றும் கேளுங்கள்.