கடல் வழிவிடும் கோயில்



பினாங்குக் கடலைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் நம்மில் குறைவு. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறும்போதே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா முடிந்துவிடும். கெர்னி டிரைவ் ஓரத்தில் கடலைத் தூர்த்துப் பூங்கா அமைப்பதற்கு முன்னால், தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் வேளையில் கொக்குகள் இரை தேடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் கடல் வற்றிய அந்தச் சேற்று வழியே நடந்து போய், நடுக்கடலில் சாமி கும்பிட்டுவிட்டு, கடல் திரும்பி வருவதற்குள் கரையேறிவிட வேண்டிய ஒரு கோயிலைக் கேள்விப்பட்டதுண்டா?

அப்படிப்பட்ட கோயில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அங்கே என் தாயாரை அழைத்துச் சென்று வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

குஜராத் மாநிலத்தில் பாவ்நகர் என்றொரு துறைமுக நகரம். அதிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் கோலியாக் என்னும் கடலோரச் சிற்றூர். கடல் ஏறியிருக்கும் வேளையில் கரையில் நின்று பார்த்தால் கோபுரமும் தெரியாது, மண்டபமும் தெரியாது. ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் தண்ணீருக்குள் ஒரு கொடிமரம் மட்டும் நிற்கும். சில மணி நேரம் சென்றதும் கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கும். கொடிமரத்தின் அடியில் சதுரமான ஒரு கல்மேடை தலைகாட்டும். அதன்மேல் ஐந்து சிவலிங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நந்தி. இவரே நிஷ்களங்க மகாதேவர். களங்கமற்றவர், களங்கத்தைப் போக்குகிறவர் என்று பொருள்.

இந்தத் தலத்துக்குப் பாரதக் கதையோடு தொடர்பு சொல்கிறார்கள். குருச்சேத்திரப் போரில் உற்றார் உறவினரைக் கொன்ற பாவம் பாண்டவர்களை வாட்டியதாம். கண்ணன் அவர்களிடம் ஒரு கறுப்புப் பசுவையும் ஒரு கறுப்புக் கொடியையும் கொடுத்து, பசுவின் பின்னே நடந்து செல்லுங்கள், இரண்டும் எங்கே வெண்மையாகின்றனவோ அங்கே உங்கள் பாவம் தீர்ந்தது என்று சொன்னானாம். ஊர் ஊராக நடந்தவர்களுக்கு இந்தக் கோலியாக் கரையில்தான் இரண்டும் வெளுத்தன. ஐவரும் தவம் செய்ய, ஆளுக்கொரு லிங்கமாகச் சிவன் தோன்றினான் என்பது ஐதீகம். ஆவணி மாதத்து அமாவாசையையொட்டி நடக்கும் பாதர்வி திருவிழாவில் பாவ்நகர் மகாராஜா குடும்பத்தார் புதுக்கொடி கொடுத்து ஏற்றுவது வழக்கம்.

என் தாயார் ஒருநாள் தொலைக்காட்சியில் இந்தக் கோயிலைப் பார்த்தார். பார்த்தவர் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், “பாப்பா, என்னை அங்க கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அம்மா கடல் பக்கம் போய் 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்திருந்த என் தம்பி, கூட்டாளிகளோடு பத்து பெரிங்கிக்குக் குளிக்கப் போக வேண்டும் என்றான். அப்பா வேண்டாம் என்றார். அம்மாதான் அஞ்சறைப் பெட்டியிலிருந்து 20 வெள்ளியை எடுத்துக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வந்துவிடு என்று அனுப்பி வைத்தார். அன்று நடுப்பகலுக்குப் பின் பினாங்குக் கரையில் சுனாமி அடித்தது. மறுநாள்தான் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதன் பிறகு அம்மா பெர்ரி ஏறியதில்லை. பாலத்தின் வழியாகப் போனாலும் கண்ணை மூடிக்கொள்வார். யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த 20 வெள்ளி அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது எங்களுக்குத் தெரியும்.

2025 ஜனவரியில் பள்ளி விடுமுறையும் தை அமாவாசையும் சேர்ந்து வந்தன. பினாங்கிலிருந்து சென்னைக்கு விமானம். அம்மா சன்னலோர இருக்கை வேண்டாம் என்றுவிட்டார். சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ். ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் ஒரு பகல் என்று ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆந்திரத்து நெல்வயல்களைக் கடந்து, பருத்திக் காடுகளைக் கடந்து போகையில், “நம்ம தாத்தா காலத்துல இந்த ரயில் இருந்திருந்தா கப்பல் ஏறியிருக்க மாட்டாங்க” என்றார் அம்மா. அகமதாபாத்திலிருந்து பாவ்நகருக்குப் பேருந்து. ஊரெங்கும் சோள ரொட்டியும் மோரும் கிடைக்கின்றன. காரத்துக்குப் பழகிய நம் நாக்குக்கு அங்கே பருப்பில் கூடச் சர்க்கரை போடுவது வேடிக்கையாக இருக்கும். ஊறுகாய் கொண்டுபோவது நல்லது.

இங்கே ஆசிரியை என்ற முறையில் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். நிலவும் சூரியனும் கடல்நீரைத் தம் பக்கம் இழுப்பதால்தான் ஏற்றமும் வற்றமும் உண்டாகின்றன. நம் பக்கத்தில் ஒரு நாளைக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும்.

பினாங்கில் இந்த ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் மிஞ்சிப் போனால் இரண்டு, இரண்டரை மீட்டர். பாவ்நகர் பக்கத்திலோ 10 மீட்டர் வரை போகும். மூன்று மாடி வீட்டின் உயரம்! காம்பே வளைகுடா புனலைப்போல வாய் அகன்று உள்ளே குறுகிப் போவதால், நுழைந்த தண்ணீருக்குப் பரவ இடமில்லை. அது மேலே எழும்புகிறது. பாவ்நகருக்குத் தெற்கே அலாங் என்ற ஊரில் பழைய கப்பல்களை உடைக்கிறார்களே, அங்கும் இதே கடலேற்றத்தைப் பயன்படுத்தித்தான் பெருங்கப்பல்களைக் கரையில் ஏற்றுகிறார்கள்.

அமாவாசையன்று காலையிலேயே கோலியாக் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வாடகைக் கார் ஓட்டுநர் சென்னைச் சௌகார்பேட்டையில் சில காலம் வேலை பார்த்தவர். அரைகுறைத் தமிழ் பேசினார். அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்ட அழைத்து வந்தார். எல்லாரும் அவரைக் ‘காகா’ என்றார்கள். அங்கே சிற்றப்பாவை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் அம்மாவைப் பார்த்ததும் கைகூப்பி, ‘பா’ என்றார். அங்கே அம்மாவுக்கு அந்தச் சொல்தானாம்.

வெயில் ஏறத் தொடங்கியபோது கடல் விலகிக்கொண்டிருந்தது. சனங்கள் கரையில் காத்திருந்தார்கள். காகா கொடிமரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்மேடை முழுவதும் வெளிப்பட்ட பிறகே, “சலோ” என்றார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். முதலில் ஈர மணல், பிறகு கணுக்கால் புதையும் சேறு, பிறகு பாசி படிந்த கல். சிறு நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்தன. மணலில் அலை போட்ட வரிகள் காலை உறுத்தின. அம்மா பத்தடி நடந்து நின்றுவிட்டார். கை நடுங்கியது. காகா ஒன்றும் பேசாமல் தம் கைத்தடியின் ஒரு நுனியை நீட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பால்மரக் காட்டில் விடியற்காலை இருட்டில் முப்பது வருடம் மேடு பள்ளம் பார்த்து நடந்த கால்கள் அல்லவா? கொஞ்ச தூரம் போனதும் அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

இப்படிக் கடல் வழியே நடந்து புண்ணிய தலத்துக்குப் போவது உலகில் வேறு இடங்களிலும் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்பார்ன் என்ற தீவு. 635ஆம் ஆண்டில் புனித எய்டன் அங்கே மடம் அமைத்தார். கடல் வற்றும்போது மணலில் நட்ட கம்பங்களை அடையாளமாகக் கொண்டு யாத்திரிகர்கள் இன்றும் நடக்கிறார்கள். நேரம் தப்பி மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார உயரமான பரண்களும் உண்டு. மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் கடல்பாதையும் ஏற்றத்தின்போது மூழ்கும். எந்த மதமானாலும் விதி ஒன்றுதான்: கடலின் நேரத்துக்கு மனிதன் அடங்கி நடக்க வேண்டும்.

மேடையில் ஏறி, அங்கே தேங்கியிருந்த நீரில் கைகால் கழுவி, ஐந்து லிங்கங்களுக்கும் நீர் வார்த்தோம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பழைய 20 வெள்ளி நோட்டு இருக்குமென்று நான் பயந்தேன். இல்லை. தம்பியின் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான் ஒன்று. அதை ஐந்தாவது லிங்கத்தின் காலடியில் வைத்து, நெடுநேரம் கண்மூடி நின்றார். பிறகு எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் காகா தரையைக் காட்டினார். அசையாமல் கிடந்த ஒரு குட்டையின் நீர் மெல்லக் கரையை நோக்கி நகர்ந்தது. எங்கள் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. காகாவுக்கோ அது ஓலை வந்த மாதிரி. எல்லாரையும் கூவி அழைத்துத் திருப்பினார். நாங்கள் கரையேறித் தேநீர் குடித்து முடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம், நடந்து வந்த பாதை தண்ணீருக்கடியில் போய்விட்டது.

அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “இந்தக் கடல் சொல்லிட்டு வருது. அந்தக் கடல் சொல்லாம வந்துடுச்சு.”

இருபது வருடமாக நான் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னேன். “இல்லம்மா, அதுவும் சொல்லித்தான் வந்துச்சு. அன்னிக்குக் காலையில ஒம்பது மணி வாக்குல சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். நம்ம கரைக்கு வர நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பல ஊர்ல கடல் திடீர்னு உள்வாங்கிச்சு. ஓடுங்கன்னு அதுக்கு அர்த்தம். நம்ம யாருக்கும் அந்தப் பாஷை தெரியல. உங்களுக்கு மட்டுமா தெரியல? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே தெரியல.”

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மேகத்தைப் பாத்தா மழை வருமான்னு சொல்லிடுவேன். பால் வெட்டலாமா வேணாமான்னு தண்டலே என்னைத்தான் கேப்பாரு. கடல் பேசுறது எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “உன் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடு” என்றார்.

வாசகர்களே, அந்தச் சுனாமியில் நம் நாட்டில் 68 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்த இடங்களில் மாண்டவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினம் தமிழ்நாட்டிலேயே அதிகமாக அழிந்தது. அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட் தீவில் டில்லி சுமித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொப்பளிப்பதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்பு பூகோளப் பாடத்தில் கற்றது நினைவுக்கு வர, பெற்றோரிடம் அடம்பிடித்துச் சொன்னாள். ஏறத்தாழ 100 பேர் உயிர் தப்பினார்கள். ஒரு வகுப்பறைப் பாடம் செய்த வேலை அது.

ஆகவே நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கடலேற்றமும் வற்றமும் நாள்காட்டிபோல வரும், மெல்ல வரும். ஆனால் கடலோரத்தில் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் சில நிமிடங்களில் வெகுதூரம் உள்வாங்கினாலோ, விநோதமாக இரைந்தாலோ மீன் பொறுக்கக் கீழே இறங்கக் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரவும் கூடாது, அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இன்று நம் நாட்டிலும் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. சங்கொலி கேட்டால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள்.

கோலியாக் போக விரும்புகிறவர்கள் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். கடல் நேரத்தை உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்காதீர்கள். அவர் திரும்பச் சொன்னால் அந்தக் கணமே திரும்புங்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் அம்மாவும் நானும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனோம். பட்டர்வொர்த்தில் நான் பாலத்துப் பக்கம் போகும் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பெர்ரியில போவோம்” என்றார்.