இரண்டாம் ஆட்டக்காரர்

அமெரிக்க நாட்டில் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், பிடிப்பதுமே அதில் மிகுதி. ஒவ்வொரு முறையும் பந்தைத் தம் கையில் வாங்கி, அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று நொடிப் பொழுதில் முடிவு செய்பவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவர் அடிபட்டு விழுந்தால் அணியே திகைத்துப் போகும். ஆகவே அவருக்கு மாற்றாக வேறொருவரையும் அணிகள் வைத்திருக்கின்றன. அணி தோற்றுக்கொண்டே போனால் அந்த மாற்று ஆளையும் மாற்ற வேண்டுமா? இது அங்கே வீட்டுக்கு வீடு எழும் வழக்கு.

இவ்வழக்கை நாங்கள் நேரிலேயே கேட்டோம். 2011 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களை இண்டியானாபொலிஸ் நகரில் மகன் இல்லத்தில் கழித்தபோது, ஞாயிறுதோறும் கூடத்தில் இதுவே பேச்சு. அந்நகரின் கோல்ட்ஸ் அணிக்காக 1998 முதல் 2010 வரை ஒரு லீக் ஆட்டமும் தவறாமல் ஆடியவர் பெய்டன் மேனிங். கழுத்தில் செய்த அறுவை சிகிச்சையால் 2011 இல் அவர் களம் இறங்கவே இல்லை. ஓய்வு பெற்றிருந்த கெர்ரி காலின்ஸ் அவசரமாக அழைத்து வரப்பட்டார். மூன்று ஆட்டங்களில் தோற்றபின், தலையில் பட்ட அடியால் அவரும் விலகினார். அடுத்து வந்த கர்ட்டிஸ் பெயிண்டர் தொடங்கிய எட்டு ஆட்டங்களும் தோல்வியே. அவற்றுள் ஒன்றில் நியூ ஆர்லியன்ஸ் அணி 62 புள்ளிகள் எடுக்க, கோல்ட்ஸ் எடுத்தவை 7.

"இவரை மாற்றாமல் இருப்பது தகுமா மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள் மருமகள். "அணி முழுவதும் தளர்ந்து கிடக்கையில் ஒருவரை மட்டும் பழிப்பது நியாயமா அப்பா?" என்றான் மகன். அவன் கூற்றிலும் உண்மை உண்டு. வாரப் பயிற்சியில் பந்து பெரும்பாலும் முதலாமவர் கைக்கே செல்லும். இரண்டாமவர் பார்த்துக் கற்பதே மிகுதி. பழகாத கையைக் குறை கூறிப் பயன் என்ன?

எனினும், மாற்றுவதே முறை என்பது எங்கள் துணிபு. ஆனால் அதற்குரிய காலம் தோல்விக் காலம் அன்று. 2009 டிசம்பரில், 14 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த கோல்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் அணியை எதிர்த்து முன்னணியில் இருந்தபோதே மேனிங்குக்கு ஓய்வளித்துப் பெயிண்டரை இறக்கியது. 29–15 என்று தோற்றது. இரண்டாமவர் இன்னும் ஆயத்தம் ஆகவில்லை என்பது அன்றே புலப்பட்டது. ஆயினும் வேறு ஆளைத் தேடியது 2011 இல் நெருக்கடி வந்தபோதுதான். தாகம் எடுத்தபின் கிணறு வெட்டிய கதையே இது.

மயாமி அணி 1972 இல் செய்தது வேறு. 38 வயதான எர்ல் மோரலைப் பருவம் தொடங்குமுன்பே அது சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் டான் ஷூலா அவரை முன்பே பால்டிமோரில் ஆடவைத்து அறிந்தவர். ஐந்தாம் ஆட்டத்தில் பாப் கிரீசியின் கால் முறிந்தது, மோரல் பொறுப்பேற்றார். அவ்வாண்டின் 17 ஆட்டங்களிலும் அந்த அணியே வென்றது.

கோல்ட்ஸ் 11 தோல்விகளுக்குப் பின் டான் ஒர்லாவ்ஸ்கியை முன்னிறுத்தியது. மேலும் இரண்டு தோல்விகள்; பின்பு டிசம்பர் 18 அன்று டென்னசி அணியின்மீது 27–13 என வெற்றி. அடுத்த ஆட்டமும் வெற்றியே. கடைசி இடத்தில் நின்றால் அடுத்த ஆண்டு சிறந்த இளைஞரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிட்டும். ஆதலின் தோற்பதே நன்று என்றோரும் இருந்தனர். அதை நாங்கள் ஏற்கவில்லை. களத்தில் அடிபட்டு எழுபவனிடம் 'நீ தோற்றால் நலம்' என்பது அறமாகுமா?

வெளியூர் வாழும் நம் இல்லங்களிலும், அவ்வூர் மொழியும் வங்கிக் கணக்கும் ஒருவருக்கே தெரிந்திருப்பது உண்டு. அவர் நலமாக இருக்கும்போதே இரண்டாமவர் கையிலும் பந்து பழகட்டும்.